பெரிய பதிப்பாளரும் நம் மேசையும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

பாத்திரமேற்று ஆடும் மேசை விளையாட்டுகளில் 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' வெளியிடும் விசார்ட்ஸ் ஆஃப் த கோஸ்ட் நிறுவனமே கோலோச்சுகிறது. புதியவர்கள் அதன் வழியாகத்தான் வருகிறார்கள். சிறு பதிப்பாளர்களும் அதன் நிழலில் பிழைக்கிறார்கள். அப்படியானால் இந்த ஆதிக்கம் நன்மைதானே? எங்கள் குழுவில் யாருக்கும் இன்னொரு விளையாட்டைக் கற்க நேரமில்லை.

ஆர்.

அன்புள்ள ஆர்,

உங்கள் கடைசி வரிக்காகவே எழுதுகிறேன். புதியவர்கள் வருவது உண்மை; அதில் எனக்கு வழக்கில்லை. நிழல் என்பதை மட்டும் ஏற்க மாட்டேன். சிறு பதிப்பாளர்களை வாழவைத்தது, அந்த விளையாட்டின் அடிப்படை விதிகளைக் கொண்டு பிறரும் நூல் வெளியிடலாம் என்று 2000இல் வந்த திறந்த உரிமம். 2023 ஜனவரியில் கசிந்த புதிய வரைவோ, ஆண்டு வருவாய் 7,50,000 டாலரைத் தாண்டினால் மிகுதியில் 25 சதவீதம் வரை கேட்டது. ஆட்டக்காரர்கள் கொதித்தெழுந்த பிறகே நிறுவனம் பின்வாங்கி, அடிப்படை விதிகளை, யாரும் எடுத்தாளக்கூடிய கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் விட்டது.

ஆனால் நேரமில்லை என்கிறீர்களே, அதுதான் என்னை உறுத்துகிறது. 300 பக்கங்களைத் தாண்டும் ஒரு கையேட்டோடு மல்லுக்கட்டிப் பழகியதால், எல்லா விளையாட்டும் அவ்வளவு உழைப்பைக் கேட்கும் என்று நீங்களாகவே முடிவுகட்டிவிட்டீர்கள். சில பக்கங்களில் விதிகள் முடிந்துவிடும் விளையாட்டுகள் எத்தனையோ உண்டு. அவற்றைப் புரட்டிக்கூடப் பார்க்காமல் நேரத்தின் மேல் பழிபோடுவது, கோபிக்காதீர்கள், வெறும் சோம்பல். ஒரே பதிப்பாளர் ஓங்கி நிற்பதில் நான் காணும் கேடு விற்பனைக் கணக்கில் இல்லை. ஒரு விளையாட்டின் பழக்கங்களை எல்லா விளையாட்டுக்கும் இலக்கணமாக எண்ணவைத்துவிடுகிறதே, அதில் இருக்கிறது.

என் நண்பர் ஒருவர் பத்தாண்டுகள் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் மட்டுமே ஆடியவர். ஒரு நாள் அவரை வற்புறுத்தி, 1981இல் வெளிவந்த 'கால் ஆஃப் கதுலு' என்னும் திகில் விளையாட்டை ஆட உட்காரவைத்தேன். நிலவறையில் ஏதோ அசைகிறது என்று, கதையை நடத்திய நான் சொன்னதும், மற்றவர்கள் படியேறி ஓட, அவர் மட்டும் துப்பாக்கியை நீட்டினார். ஒன்று பத்தின் இடத்துக்கும் மற்றது ஒன்றின் இடத்துக்குமாகப் பத்துமுகப் பகடைகள் இரண்டை உருட்டினார், 91 விழுந்தது. மேசையைத் தட்டி ஆர்ப்பரித்தார். அங்கே சிறிய எண்தான் வெற்றி என்பதைச் சொல்ல எனக்கே மனம் வரவில்லை. அவருடைய பாத்திரம் அங்கேயே மாண்டது. நிலை உயர உயர, அடி தாங்கும் அளவான உயிர்ப்புள்ளியும் ஏறும் ஆட்டத்தில் வளர்ந்தவருக்கு, இப்படிச் சாகலாம் என்பதே அநியாயமாகப் பட்டது. விதிகள் சரியில்லை என்று வெகுநேரம் சண்டை போட்டார். பிறகு வெற்றுத்தாள் ஒன்றைக் கேட்டு வாங்கிக்கொண்டார். அடுத்த வாரம் அவர் எழுதி வந்த புதிய பாத்திரத்தின் உடைமைகளில் ஒரு கைவிளக்கும் நல்ல காலணிகளும் இருந்தன, துப்பாக்கி இல்லை.