ஓட்டு இருக்கிறது, நியாயம் இருக்கிறதா?

கேள்வி: நாங்கள் மூன்று நண்பர்கள். கூட்டாக நடத்திய தொழிலைப் பிறகு பிரைவேட் லிமிடெட் கம்பெனியாக மாற்றினோம். மூவருக்கும் சம பங்கு. இப்போது ஒருவரோடு எங்கள் இருவருக்கும் ஒத்துப்போகவில்லை. முறைப்படி நோட்டீஸ் கொடுத்து, கூட்டம் போட்டு, அவரை டைரக்டர் பதவியிலிருந்து நீக்கலாமா? அவர் 'இது அநியாயம்' என்கிறார். சட்டம் எங்கள் பக்கம் இருக்கும்போது அதைப் பற்றி நாங்கள் ஏன் கவலைப்பட வேண்டும்?

பதில்: நீக்கலாம். பெரும்பாலான நாடுகளின் கம்பெனிச் சட்டம் பெரும்பான்மைக்கு அந்த அதிகாரத்தைத் தருகிறது. நோட்டீஸும் ஓட்டும் சரியாக இருந்தால் தீர்மானம் செல்லும். ஆனால் விஷயம் அதோடு முடிவதில்லை.

இங்கிலாந்தில் எப்ராஹிமி என்பவரும் நாசர் என்பவரும் சேர்ந்து கம்பள வியாபாரம் செய்துவந்தார்கள். 1958-இல் அதைக் கம்பெனியாக்கினார்கள். அப்புறம் நாசரின் மகனும் உள்ளே வந்தார். எப்ராஹிமியும் நாசரும் தங்களிடமிருந்து ஆளுக்கு 100 பங்குகள் எடுத்து அவருக்குக் கொடுத்தார்கள். 1969-இல் அப்பாவும் மகனும் சேர்ந்து ஓட்டுப் போட்டு எப்ராஹிமியை வெளியேற்றினார்கள். அவர் கையால் கொடுத்த பங்கும் அவருக்கு எதிராகவே ஓட்டுப் போட்டது. அந்தக் கம்பெனி பங்குதாரர்களுக்கு டிவிடெண்ட் (லாபப் பங்கு) கொடுத்ததே இல்லை. லாபம் முழுவதும் டைரக்டர்களின் சம்பளமாகத்தான் போனது. அதனால் பதவி போனதும் அவருக்கு வருமானமும் போனது. பங்கை வெளியில் விற்கலாம் என்றாலும் மற்ற இருவரின் சம்மதம் வேண்டும்.

எப்ராஹிமி வழக்குப் போட்டார். நீக்கம் சட்டப்படி செல்லும் என்பதை, அன்று இங்கிலாந்தின் உச்ச நீதிமன்றமாக இருந்த பிரபுக்கள் சபை மறுக்கவில்லை. அப்படியிருந்தும், நியாயம் கருதி அந்தக் கம்பெனியையே கலைக்க 1972-இல் உத்தரவிட்டது. பரஸ்பர நம்பிக்கையில் தொடங்கிய தொழிலா, எல்லாரும் நிர்வாகத்தில் இருப்போம் என்ற புரிதல் இருந்ததா, பங்கை விற்கத் தடை இருக்கிறதா என்ற மூன்றையும் நீதிபதி வில்பர்ஃபோர்ஸ் முக்கியமாகக் கவனித்தார். உங்கள் கம்பெனியை இந்த மூன்றோடும் ஒப்பிட்டுப் பாருங்கள். நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் முதலாவது அப்படியே பொருந்துகிறது. பல நாடுகளில் இன்று கலைப்பு வரை போகாமலே, பங்கை நியாய விலைக்கு வாங்கச் சொல்லிக் கோர்ட் உத்தரவிடவும் வழி உண்டு.

உங்கள் நண்பர் பணத்தைக் கையாடியிருந்தால் பேச்சு வேறு. அப்போது ஆதாரத்தைத் திரட்டி, பதில் சொல்ல அவருக்கு வாய்ப்புக் கொடுத்து, அதன்பின் நீக்குங்கள். வெறும் மனக்கசப்புதான் என்றால், உங்கள் கையில் இருக்கும் ஓட்டை வைத்து ஒருவருடைய பிழைப்பைப் பறிக்கிறீர்கள் என்பதே என் கருத்து. கம்பெனியின் நன்மைக்காக உங்களுக்குக் கொடுத்த அதிகாரம் அது.

பிரிவதில் தவறில்லை. மூவருக்கும் சம்பந்தமில்லாத ஒரு மதிப்பீட்டாளரை வைத்துப் பங்கின் விலையைக் கணக்கிடுங்கள். 'உன் பங்கு சிறுபான்மைதானே' என்று சொல்லி விலையைக் குறைக்காதீர்கள். கணக்குப் புத்தகங்களை அவரும் பார்க்கட்டும். கம்பெனிக் கடனுக்கு அவர் சொந்த ஜாமீன் கையெழுத்துப் போட்டிருந்தால், வங்கியிடம் பேசி முதலில் அதிலிருந்து அவரை விடுவியுங்கள். பலரும் இதை மறந்துவிடுகிறார்கள். வெளியே போனவர் வருடக்கணக்கில் பிறர் கடனைச் சுமக்கிறார். இதையெல்லாம் எழுத்தில் அவர் முன்வைத்து, யோசிக்க அவகாசம் கொடுத்த பிறகு, தேவைப்பட்டால் மட்டும் கூட்டத்துக்கு நோட்டீஸ் அனுப்புங்கள்.