ஸ்காட்லாந்தின் பெல் அண்ட் செபாஸ்டியன் இசைக்குழுவின் முதல் ஆல்பம் 'டைகர்மில்க்' வந்தது 1996-லா, 1999-லா?

இரண்டுமே சரிதான். கிளாஸ்கோவின் ஸ்டோ கல்லூரியில் இசை வணிகம் படித்த மாணவர்கள் நடத்திய லேபிள் (இசை வெளியீட்டு நிறுவனம்) எலெக்ட்ரிக் ஹனி. வழக்கமாக வருடத்துக்கு ஒரு சிங்கிள்தான் (ஓரிரு பாட்டு மட்டும் உள்ள வெளியீடு) போடுவார்கள். இந்தக் குழுவிடம் பாட்டு நிறைய இருந்ததால் முழு ஆல்பமாகவே பதிவு செய்துவிட்டார்கள். 1996-இல் வந்தது வினைல் இசைத்தட்டாக மட்டும், அதுவும் 1000 பிரதிகள். (வகுப்புப் பாடத்துக்கு அது தாராளம்தான்!)

அதே வருடம் ஜீப்ஸ்டர் என்ற வேறொரு லேபிள் வெளியிட்ட இரண்டாவது ஆல்பம் பெயர் வாங்கித் தந்ததும் எல்லோரும் முதலாவதைத் தேட ஆரம்பித்தார்கள். கிடைத்தால்தானே? பழைய பிரதிகளின் விலை நூற்றுக்கணக்கான பவுண்டுக்கு ஏறியது. மற்றவர்கள் கேசட்டில் நகலெடுத்துக் கேட்டார்கள். அப்புறம் 1999-இல் ஜீப்ஸ்டரே அதை மறுவெளியீடு செய்தது.

பாட்டுக் கேட்க மறுவெளியீடே போதும். முதல் பதிப்பு என்று யாராவது விற்க வந்தால், எலெக்ட்ரிக் ஹனி பெயர் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.