இரவல் மாடிப்படி

அன்புள்ள ஐயா,

1940களில் ஹாலிவுட்டில் குறைந்த செலவில் எடுக்கப்பட்ட மர்மப் படங்களைச் சில மாதங்களாகத் தேடித்தேடிப் பார்த்துவருகிறேன். இயக்குநர் எட்கர் உல்மரின் ‘டீடூர்’ ஆறே நாட்களில், இருபதாயிரம் டாலரில் எடுக்கப்பட்டது என்று படித்த இரவு எனக்கு உறக்கம் வரவில்லை. பணமில்லாததே அந்தப் படங்களின் ஆற்றலுக்குக் காரணம் என்று தோன்றுகிறது. நானும் நண்பர்களும் யாருக்கும் சம்பளமில்லாமல் அதேபோல ஆறு நாட்களில் ஒரு மர்மப் படம் எடுக்கத் திட்டமிட்டிருக்கிறோம். இவ்வகையில் எந்தப் படங்களை அவசியம் பார்க்க வேண்டும்? கதையில் இத்தனை தற்செயல்கள் வருவது குறையில்லையா? வண்ணமேற்றிய பிரதிகளைப் பார்க்கலாமா?

வி., ஈரோடு

அன்புள்ள வி.,

சிறிய கேள்விகளை முதலில் முடித்துவிடுகிறேன். வண்ணமேற்றிய பிரதிகளைத் தொடாதீர்கள். தற்செயல்களைப் பொறுத்தவரை, ‘டீடூர்’ படத்தில் இரண்டு சாவுகளும் தானாக நேர்ந்தவை என்று நமக்குச் சொல்பவன் யார் என்பதை மட்டும் மனத்தில் வைத்துக்கொண்டு மறுபடி பாருங்கள். அதற்குமேல் அதை விளக்க எனக்கு விருப்பமில்லை.

உங்களுக்கு உடனே பதில் எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் வேறு. பணமில்லாததே ஆற்றலுக்குக் காரணம் என்று எழுதியிருக்கிறீர்கள். இதே வாக்கியத்தைக் கொஞ்ச காலமாக இளம் இயக்குநர்கள் பலரிடம் கேட்டுக்கொண்டிருக்கிறேன். ஒவ்வொரு முறையும் இதற்கு ஆதாரமாக அதே ஆறு நாட்கள் எடுத்து நீட்டப்படுகின்றன.

அந்த ஆறு நாட்கள் உல்மரே தம் முதுமையில் பேட்டி கண்டவர்களிடம் சொன்ன கதை. தம் வாழ்க்கையைச் சற்றுக் கூட்டிச் சொல்வதில் அவருக்கு ஆர்வம் உண்டு. பின்னாளில் ஆய்வாளர்கள் தயாரிப்பு ஆவணங்களைப் பார்த்தபோது, படப்பிடிப்பு ஆறு நாட்களைவிடக் கணிசமாக நீண்டதும், செலவு ஒரு லட்சம் டாலரைத் தாண்டியதும் தெரியவந்தன. 1945-ல் அதுவும் சிறிய தொகைதான். ஆனால் இருபதாயிரத்துக்கும் ஒரு லட்சத்துக்கும் இடையிலுள்ள தூரத்தில்தான் உங்கள் திட்டம் முழுவதும் விழுந்துகிடக்கிறது.

இந்தப் படங்கள் ஏன் பிறந்தன என்பதைப் பாருங்கள். 1930களின் பொருளாதார வீழ்ச்சியின்போது அமெரிக்கத் திரையரங்குகள் ஒரே கட்டணத்துக்கு இரண்டு படங்களைக் காட்டத் தொடங்கின. பெரிய நட்சத்திரங்கள் நடித்த முதல் படத்துக்கு வசூலில் பங்கு. இரண்டாவதாக ஓடும் சிறிய படத்துக்கு, கூட்டம் வந்தாலும் வராவிட்டாலும், முன்கூட்டியே பேசிய வாடகை. எனவே ஒரு சிறிய படம் எவ்வளவு ஈட்டும் என்பது அதை எடுப்பதற்கு முன்பே ஏறக்குறையத் தெரிந்துவிடும். செலவை அதற்குள் அடக்கினால் போதும், உள்ளே என்ன இருக்கிறது என்று மேலிடம் பெரிதாகக் கவலைப்படவில்லை. அந்தப் படங்களில் நாம் வியக்கும் துணிவு, விற்பனை உறுதி செய்யப்பட்டிருந்ததால் வந்த துணிவு. உங்கள் படத்தை வாங்கக் காத்திருப்பவர் யார் என்று உங்கள் கடிதத்தில் ஒரு சொல்கூட இல்லை.

1942-ல் ஹாலிவுட்டின் பெரிய படநிறுவனங்களில் ஒன்றான ஆர்.கே.ஓ. ஏறத்தாழ மூழ்கும் நிலையில் இருந்தது. அப்போது வால் லூட்டன் என்பவரைத் தயாரிப்பாளராக வாரம் 250 டாலர் சம்பளத்துக்கு அமர்த்தி, மூன்று நிபந்தனைகள் விதித்தார்கள்: ஒவ்வொரு படமும் ஒன்றரை லட்சம் டாலருக்குள் முடிய வேண்டும், எழுபத்தைந்து நிமிடத்தைத் தாண்டக் கூடாது, தலைப்பை நிறுவனமே கொடுக்கும். அப்படிக் கொடுக்கப்பட்ட முதல் தலைப்பு ‘கேட் பீப்பிள்’. அதில் ஜாக் டூர்னர் இயக்கிய அந்தத் தெருக் காட்சியை நீங்கள் பார்த்திருப்பீர்கள். இரவில் சென்ட்ரல் பார்க் மதிலோரமாக ஒரு பெண் நடக்கிறாள். பின்னால் இன்னொரு பெண்ணின், சிறுத்தையாக மாறிவிடுவாளோ என்று நாம் அஞ்சுபவளின், காலணி ஓசை கேட்கிறது. பிறகு அது நின்றுவிடுகிறது. இவள் நடையைத் துரிதப்படுத்துகிறாள், நாம் ஒரு விலங்கை எதிர்பார்க்கிறோம், அப்போது சீறிக்கொண்டு திரைக்குள் பாய்கிறது ஒரு பேருந்து. விலங்கைக் காட்டப் பணமில்லாததால் இப்படி எடுத்தார்கள் என்று எல்லோரும் எழுதுகிறார்கள், நீங்களும் அதை நம்பியிருப்பீர்கள்.

விலங்கைக் காட்டாதிருக்கப் பணம் வேண்டியதில்லை. பேருந்தின் அந்தச் சீற்றத்தைச் சரியான நொடியில் வைக்கத்தான் அது வேண்டும். அதை வைத்தவர் படத்தொகுப்பாளர் மார்க் ராப்சன். இயக்குநர் ஆர்சன் வெல்ஸின் படங்களில் பணியாற்றிப் பயின்று வந்தவர். அந்த மதிலை நிழலும் ஒளியுமாக மாற்றியவர் ஒளிப்பதிவாளர் நிக்கோலஸ் முசுராகா. அவர் 1940-லேயே ‘ஸ்ட்ரேஞ்சர் ஆன் தி தேர்ட் ஃப்ளோர்’ என்ற, அறுபத்து நான்கு நிமிடமே ஓடும் படத்தில், ஒரு கனவுக் காட்சியை வெறும் நிழல்களால் கட்டிக் காட்டியவர். இரண்டு படங்களுக்கும் இசை ராய் வெப். இவர்கள் எவரும் நட்புக்காக வந்து உதவியவர்கள் அல்லர். காலையில் வந்து மாலையில் போகும் சம்பளக்காரர்கள். நேற்று ஒரு பெரிய படம், இன்று ஒரு சிறிய படம், நாளை இன்னொன்று என்று ஆண்டுக்கணக்கில் ஒரே வேலையைச் செய்து கை பழகியவர்கள். கதாநாயகி வசிக்கும் வீட்டின் அந்த அகன்ற மாடிப்படியோ, வெல்ஸ் பத்து லட்சம் டாலருக்குமேல் செலவிட்டு எடுத்த ‘தி மேக்னிஃபிசென்ட் ஆம்பர்சன்ஸ்’ படத்துக்காகக் கட்டப்பட்டது. அந்தப் படத்தால் நிறுவனம் பட்ட நட்டமே லூட்டனுக்குக் கையிறுக்கமாக வந்து சேர்ந்தது, அதே படத்தின் படிக்கட்டே அவருக்கு இரவலாகவும் கிடைத்தது. மாளிகையின் சமையலறையில் சமைத்ததைத் திண்ணையில் வைத்துப் பரிமாறினால் அது ஏழையின் விருந்து ஆகிவிடாது.

உல்மருக்கு அப்படிப்பட்ட மாளிகை இல்லையே என்று கேட்பீர்கள். உண்மைதான், ‘டீடூர்’ எடுத்த பி.ஆர்.சி. நிறுவனம் ஹாலிவுட்டின் கடைநிலையில் இருந்தது. நியூயார்க் தெருவைக் கட்ட வழியில்லாமல் அவர் திரை முழுக்கப் பனிமூட்டத்தை நிரப்பினார். மேற்கு நோக்கிப் போகும் பயணத்துக்காகச் சில காட்சிகளின் பிம்பத்தை இடவலமாகப் புரட்டியதில், கார்கள் சாலையின் தவறான பக்கத்தில் ஓடுகின்றன. ஆனால் அதற்குள் அவர் வியன்னாவிலும் பெர்லினிலும் அரங்க அமைப்புக் கற்று, 1930-லேயே ‘பீப்பிள் ஆன் சண்டே’ படத்தின் இயக்கத்தில் பங்கேற்று, 1934-ல் யுனிவர்சல் நிறுவனத்துக்காக ‘தி பிளாக் கேட்’ எடுத்து முடித்திருந்தார். ஒளிப்பதிவாளர் பெஞ்சமின் கிளைன் மௌனப்பட காலத்திலிருந்து கேமராவுக்குப் பின்னால் நின்றவர். பனிமூட்டத்தைப் பார்த்துவிட்டு அதன் பின்னால் இருந்த இந்த ஆண்டுகளைப் பார்க்க மறந்தால், உங்களுக்கு மிஞ்சுவது புகை மட்டும்தான்.

சில ஆண்டுகளுக்கு முன் ஓர் இளைஞர் தம் முதல் படத்தைப் பார்க்க அழைத்திருந்தார். வறுமையே எங்கள் அழகியல் என்று திரையிடலுக்கு முன் பேசினார். ஒரு வசனமும் தெளிவாகக் கேட்கவில்லை. விளக்குப் பிடித்த பையன் வெளியே நின்றுகொண்டிருந்தான். ஊருக்குத் திரும்பப் பேருந்துக் கட்டணத்தை என்னிடம் தயங்கித் தயங்கிக் கேட்டான். கொடுத்தேன். இயக்குநரிடம் படத்தைப் பற்றி ஒன்றும் பேசாமல் வந்துவிட்டேன். அந்தப் பையனின் உழைப்பைச் சுரண்டியதற்கு உல்மரையும் லூட்டனையும் சாட்சிக்கு அழைப்பதைக் காணும்போது எனக்குக் கோபம்தான் வருகிறது. சம்பளமில்லாமல் என்று நீங்கள் பெருமையாக எழுதிய இடத்திலும் அதே கோபம் வந்தது, மன்னிக்க வேண்டியதில்லை.

ரிச்சர்ட் ஃப்ளைஷரின் ‘தி நாரோ மார்ஜின்’ இன்னொரு சான்று. ஏறக்குறைய முழுப் படமும் ஓடும் ரயிலுக்குள் நடக்கிறது. ரயில் அரங்கை அசைப்பது செலவு என்பதால் அதைத் தரையோடு நிறுத்தி, கேமராவைக் கையில் பிடித்து ஆட்டினார்கள். தனியாக இசையே இல்லை. சக்கர ஓசையும் ஊதலும்தான். இசையை விலக்குவதற்கு, ரயிலின் ஒலிகளை அந்த அளவுக்கு அடுக்கித் தரக்கூடிய ஓர் ஒலித்துறை இருந்தாக வேண்டும்; ஆர்.கே.ஓ.வில் இருந்தது. அதில் நடித்த மேரி விண்ட்சர் அதே 1952-ல் வெளிவந்த ‘தி ஜங்கிள்’ படத்துக்காக நம் சேலத்துக்கு வந்தவர். மாடர்ன் தியேட்டர்ஸ் கூட்டாகத் தயாரித்த அந்தப் படம் தமிழில் ‘காடு’ என்று வந்தது. இயக்குநர் வில்லியம் பெர்க், ஆர்.கே.ஓ.வின் துப்பறியும் படவரிசையில் பணியாற்றியவர். அவரால் இங்கே வந்து வேலை செய்ய முடிந்ததற்குக் காரணம், சேலத்திலும் அரங்குகளும் தொழில்நுட்பக் கலைஞர்களும் ஒரே வளாகத்துக்குள் இருந்ததுதான் என்று நினைக்கிறேன்.

1948-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் படங்களை மூட்டையாகக் கட்டி விற்பதைத் தடைசெய்து, தயாரிப்பு நிறுவனங்களின் திரையரங்க ஆதிக்கத்தை உடைத்தது. பிறகு தொலைக்காட்சி வந்தது. வாடகை உறுதி போனதும் சம்பளப் பட்டியல் சுருங்கியது, சில ஆண்டுகளில் இந்தப் படங்களும் நின்றன. பணத்தட்டுப்பாடுதான் இவற்றைப் படைத்தது என்றால், தட்டுப்பாடு மிகுந்த அந்தக் காலத்தில் அவை பெருகியிருக்க வேண்டுமல்லவா?

பட்டியல் கேட்டிருந்தீர்கள். மேலே சொன்னவற்றோடு, ஜோசஃப் லூயிஸின் ‘மை நேம் இஸ் ஜூலியா ராஸ்’, டூர்னரின் ‘தி லெப்பர்ட் மேன்’ இரண்டையும் பாருங்கள். பின்னதில் கதவடியில் வழியும் இரத்தத்துக்கு முன் என்னென்ன ஒலிகள் வருகின்றன என்று குறித்துக்கொள்ளுங்கள். ‘டீடூர்’ படத்தை 2018-ல் சீரமைத்த பிரதியில் மட்டும் பாருங்கள். உங்கள் திரைக்கதையை அனுப்பினால் நிச்சயம் படிப்பேன், ஆனால் அதற்கு முன் ஓர் ஒலிப்பதிவாளரைத் தேடிப்பிடித்து அவருக்கு என்ன சம்பளம் என்று பேசி முடித்துவிடுங்கள்.