ஃபோல்டர் இருக்கட்டும், உள்ளே இருப்பது மட்டும் போகட்டும்

வணக்கங்க. அஞ்சு ரோடு ஜெராக்ஸ் கடை கம்ப்யூட்டரில் ஸ்கேன் ஃபோல்டரை ராத்திரி காலி செய்ய விண்டோஸின் டெல் (del) கட்டளை போட்டும், உள் ஃபோல்டர்கள் அப்படியே நிற்கின்றன என்கிறீர்கள். டெல் ஃபைலை மட்டும்தான் அழிக்கும். உள் ஃபோல்டர்களிலும் அழிக்கச் சொல்லும் /எஸ் சேர்த்தாலும் காலி ஃபோல்டர்கள் மிஞ்சும். ஃபோல்டரை அழிக்க ஆர்டி (rd) கட்டளை வேண்டும்.

ஆனால் ஆர்டியைப் பெயரோடு கொடுத்தால் ஸ்கேன் ஃபோல்டரே போய்விடும். எம்டி (md) கட்டளை போட்டு மறுபடி உருவாக்கலாம். அதற்கென்று தனியாகக் கொடுத்த பெர்மிஷன் திரும்ப வராது. அதனால் உள்ளே போய் நின்றுகொண்டு அழிப்பதே நல்லது. நோட்பேடில் இந்த ஒரே வரியை ஆங்கில எழுத்தில் தட்டுங்கள்:

சிடி /டி "டி:\ஸ்கேன்" && ஆர்டி /எஸ் /க்யூ .

சிடி (cd) அந்த ஃபோல்டருக்குள் போகும் கட்டளை, /க்யூ கேள்வி கேட்காமல் அழிக்கச் சொல்வது. கடைசிப் புள்ளியை விடாதீர்கள், இப்போது நிற்கும் ஃபோல்டர் என்று அர்த்தம். வேறு புரோகிராம் பயன்படுத்துகிறது என்று ஒரு பிழை வரும். இந்த வரியை ஓட்டும் ஸ்கிரிப்டே அங்கே நிற்பதால் வருவது அது, ஃபோல்டர் தப்புவதும் அதனால்தான்.

அந்த /டி-யை மட்டும் தயவுசெய்து மறக்காதீர்கள். அது இல்லாவிட்டால் சிடி பிழை காட்டாது, டிரைவும் மாறாது. ஆர்டி சி டிரைவில் ஓடும். அட்மினாக ஓட்டினால் நிற்கும் இடம் விண்டோஸின் உயிரான ஃபைல்கள் இருக்கும் சிஸ்டம்32 ஃபோல்டர்! முதலில் ஆர்டி பகுதிக்குப் பதில் ஃபோல்டரில் இருப்பதைப் பட்டியலிடும் டிர் (dir) என்று மட்டும் போட்டு, எந்த ஃபோல்டர் தெரிகிறது என்று பாருங்கள்.

சேமிக்கும்போது ஆல் ஃபைல்ஸ் தேர்ந்து ஃபைல் பெயரை .பேட் (.bat) என்று முடியுங்கள். ஸ்கேன் ஃபோல்டருக்குள் வைக்க வேண்டாம். அழிந்தது ரீசைக்கிள் பின்னுக்குப் போகாது. யாராவது திறந்து வைத்திருக்கும் பிடிஎஃப் அழியாமல் நிற்கலாம், ஓட்டும் முன் மூடிவிடுங்கள்.