பசுவுக்கு முட்டி எங்கே இருக்கிறது? விலங்குப் பாத்திர ரிக்கிங் பற்றிய கேள்வி பதில்

பிளெண்டர் என்ற முப்பரிமாண அனிமேஷன் மென்பொருளில் விலங்குப் பாத்திரங்களை உருவாக்கி, எலும்புக்கூடு (ரிக்) பொருத்தி அசைய வைப்பது பற்றிக் கேள்விகள் அனுப்பச் சொல்லியிருந்தேன். பாதிக்கு மேல் கால்களைப் பற்றித்தான் வந்திருக்கின்றன. ஆச்சரியமில்லை, நானும் முதலில் அங்கேதான் இடறி விழுந்தேன்.

பசுவின் பின்னங்காலுக்கு ஐகே (கால் நுனியை நகர்த்தினால் மேலுள்ள மூட்டுகள் தானாக மடங்கும் ஏற்பாடு) போட்டிருக்கிறேன். குளம்பைத் தூக்கினால் முட்டி ஒரு நேரம் முன்னே போகிறது, ஒரு நேரம் பின்னே போகிறது. எது சரி?

நீங்கள் முட்டி என்று நினைப்பது முட்டியே அல்ல. பின்னங்காலின் நடுவில் பின்பக்கம் துருத்திக்கொண்டு நிற்பது பசுவின் குதிகால். நிஜ முட்டி மேலே, வயிற்றை ஒட்டித் தோலுக்குள் மறைந்திருக்கிறது. நம்முடையதைப் போல அதுவும் முன்னோக்கித்தான் நிற்கும். எழுந்து நின்று, குதிகாலை உயர்த்தி, விரல் நுனியில் பாதி குந்திப் பாருங்கள். பசு வாழ்நாள் முழுவதும் அப்படித்தான் நிற்கிறது. நாயும் பூனையும் விரல்களை ஊன்றி நடக்கும். குதிரைக்கு ஒரே விரல், ஒரே குளம்பு. கரடிதான் நம்மைப் போலப் பின்பாதத்தை முழுதாகத் தரையில் பதிக்கும்.

இனி ரிக்குக்கு வருவோம். தொடை எலும்பும் கீழ்க்கால் எலும்பும் ஒரே நேர்கோட்டில் இருந்தால், எந்தப் பக்கம் மடக்குவது என்று ஐகேவுக்குத் தெரியாது. எலும்புகளை அமைக்கும் எடிட் மோடிலேயே முட்டியைக் கொஞ்சம் முன்னே தள்ளி வையுங்கள். சங்கிலி நீளத்தை, அதாவது ஐகே கட்டுப்படுத்தும் எலும்புகளின் எண்ணிக்கையை, இரண்டாக வைத்து, குதிகாலுக்குக் கீழே உள்ள எலும்புக்குத் தனிக் கட்டுப்பாடு கொடுங்கள். மூன்றையும் ஒரே ஐகேயில் கட்டினால் இரண்டு மூட்டுகளும் தங்களுக்குள் இழுபறி நடத்தும். குதிரை என்றால் இன்னொன்றும் உண்டு. அதன் முட்டியையும் குதிகாலையும் தசைநார்கள் பிணைத்திருப்பதால் ஒன்று மடங்கினால் மற்றதும் கூடவே மடங்கும்.

என் முதல் கன்றுக்குட்டிக்கு நான் குதிகாலை முட்டியாக்கி வைத்திருந்தேன். மாடு வளர்த்த என் பாட்டி திரையைப் பார்த்துவிட்டு, "கால் ஒடிந்த கன்றை ஏன் ஓடவிடுகிறாய்?" என்று கேட்டார். அந்த ரிக்கை அழித்துவிட்டேன்.

முன்னங்காலும் இப்படித்தானா?

இல்லை. முன்னங்காலில் முட்டி போலத் தெரிவது மணிக்கட்டு. முழங்கை மார்பை ஒட்டி மேலே இருக்கிறது. ஆகவே பின்னங்கால் ரிக்கை நகலெடுத்து முன்னே ஒட்டாதீர்கள்.

என் நாய் நடக்கும்போது தோள் கசங்கிய துணி போல ஆகிறது. வெயிட் பெயிண்டிங் (எந்த எலும்பு உடலின் எந்தப் பகுதியை எவ்வளவு இழுக்கும் என்று குறிப்பது) செய்து அலுத்துவிட்டேன்.

வெயிட்டில் குற்றமில்லை, ஓர் எலும்பு குறைகிறது. நாயின் முன்னங்கால் உடலோடு எலும்பால் இணைக்கப்படவில்லை. நமக்கு இருப்பது போன்ற காறை எலும்பு அதற்கு இல்லை. தோள்பட்டை எலும்பு தசைகளில் தொங்கியபடி விலா எலும்புகளின் மேல் வழுக்கி நகர்கிறது. பூனை பதுங்கி நடக்கும்போது தோள்பட்டை நுனிகள் முதுகுக்கு மேலே மாறி மாறி எழுவதைப் பார்த்திருப்பீர்கள். எனவே முன்னங்காலின் தொடக்கத்தில் தோள்பட்டைக்கென ஓர் எலும்பு சேருங்கள். அதை மார்பு எலும்புக்குக் குழந்தையாக (மார்பு நகர்ந்தால் தானும் நகரும்படி) வைத்தாலும், ஒட்டாமல் தனியாக நகரும்படி விடுங்கள். பாதம் முன்னே போகும்போது அது சுழலவும் வேண்டும், சற்று வழுக்கவும் வேண்டும். மெஷ்ஷில் (பாத்திரத்தின் மேற்பரப்பு வலையில்) அந்த இடத்தில் எட்ஜ் லூப்கள், அதாவது சுற்றி ஓடும் விளிம்புக் கோடுகள், தோள்பட்டையின் வடிவத்தைச் சுற்றி ஓடினால் பாதி வேலை தானாக முடியும்.

யானைத் துதிக்கைக்கு எத்தனை எலும்பு?

நிஜத்தில் ஒன்றுகூட இல்லை, முழுக்கத் தசைதான். ரிக்கில் பதினைந்து இருபது வைத்துக்கொள்ளுங்கள். தசையின் கன அளவு மாறாது என்பதால், துதிக்கை நீளும்போது மெலிய வேண்டும், சுருங்கும்போது பருக்க வேண்டும். எலும்புச் சங்கிலியை ஒரு வளைகோட்டின்படி வளைக்கும் ஸ்ப்லைன் ஐகேயில் கன அளவைக் காக்கும் அமைப்பு இருக்கிறது. ஆனால் கரும்பைச் சுருட்டி வாயில் வைக்கும் காட்சிக்கு ஸ்ப்லைன் ஐகே வளைந்து கொடுக்காது என்பது என் அனுபவம். அங்கே ஒவ்வொரு எலும்பையும் நாமே சுழற்றும் எஃப்கேதான் கைகொடுக்கும். இரண்டையும் வைத்து மாற்றிக்கொள்ளும் வசதி செய்யுங்கள். நம் ஊர் யானை என்றால் துதிக்கை நுனியில் ஒரு விரல்தான். ஆப்பிரிக்க யானைக்குத்தான் இரண்டு.

ரிகிஃபை (ரிக்குகளை உருவாக்கித் தரும் பிளெண்டர் துணைக்கருவி) பயன்படுத்துவது குறுக்குவழியா?

குறுக்குவழிதான், தாராளமாகப் போங்கள். பூனை, ஓநாய், குதிரை, பறவை, சுறா எல்லாவற்றுக்கும் அதில் மாதிரி எலும்புக்கூடுகள் இருக்கின்றன. ஆனால் மெஷ்ஷின் ஸ்கேலை அப்ளை செய்யாமல் (மாற்றிய அளவை நிலைப்படுத்தாமல்) ரிக்கை உருவாக்கிவிட்டு அழுபவர்கள்தான் அதிகம்.

முயல் பேச வேண்டும். வாய் திறந்தால் தாடை கீழே கழன்று விழுவது போலிருக்கிறது.

தாடை எலும்பின் அச்சை உதட்டோரத்தில் வைத்திருப்பீர்கள். அது காதுக்கு அருகில், மண்டையோட்டின் பின்பகுதியில் இருக்க வேண்டும். உதடுகளுக்கு ஷேப் கீ (எலும்பின்றி மெஷ்ஷின் வடிவத்தையே மாற்றும் முறை) போதும். முயலின் மனநிலையைக் காட்டுவது காதுகள், எனவே அவற்றுக்கு நேரம் செலவிடுங்கள்.

ரோமத்தை எப்போது சேர்ப்பது?

கடைசியில். ரோமம் மோசமான வெயிட்டை மறைத்துவிடும், அப்புறம் குறை எங்கே என்று தேடிக்கொண்டிருப்பீர்கள்.

இரண்டே பேர், நான்கு நிமிடப் படம், ஆறு விலங்குகள். எல்லாவற்றுக்கும் முழு ரிக் வேண்டுமா?

ஷாட் பட்டியலை முதலில் எழுதுங்கள். வேலிக்கு மேல் தலை மட்டும் தெரியும் ஆட்டுக்குப் பின்னங்கால் ரிக் எதற்கு? ஆறில் இரண்டுக்குத்தான் முழு ரிக் தேவைப்படும் என்று நினைக்கிறேன்.

பசுவும் குதிரையும் ஒரே தொழுவத்தில் படுத்திருந்து எழுகின்றன. குதிரை ரிக்கையே பசுவுக்கும் மாற்றிக்கொள்ளலாமா?

அளவுகளைத் திருத்தினால் ரிக்கை மாற்றிக்கொள்ளலாம், அசைவை மாற்ற முடியாது. பசு முன்மணிக்கட்டுகளை ஊன்றிக்கொண்டு பின்பக்கத்தை முதலில் தூக்கும். குதிரை முன்னங்கால்களை முன்னே நீட்டி, முன்பக்கத்தோடு எழும். ஒரே அனிமேஷனை இரண்டுக்கும் ஒட்டினால், என் பாட்டி போன்றவர்கள் முதல் நொடியிலேயே பிடித்துவிடுவார்கள்.