டி.என்.ஏ-வில் ஓர் எழுத்து மாறினால் உடம்பில் என்ன நடக்கும்?

கேள்வி இதுதான்: "டி.என்.ஏ, சடுதிமாற்றம், மரபணுப் பொறியியல் எல்லாவற்றையும் பிளஸ் டூவில் மனப்பாடம் செய்து எழுதினேன். ஓர் எழுத்து மாறினால் நோய் வரும் என்கிறார்கள். ஒரே எழுத்தால் எப்படி? அதைத் திருத்திவிட முடியாதா?"

நீலகிரிப் பக்கம் ஒரு மருத்துவமனையின் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் பதினோரு வருடம் வேலை பார்த்தவள் நான். நீங்கள் கேட்கும் அந்த ஓர் எழுத்து செய்யும் வேலையை வாரத்துக்கு நாலைந்து தடவையாவது கண்ணால் பார்த்திருக்கிறேன். அதிலிருந்தே தொடங்குகிறேன்.

ஒரு சின்னக் கண்ணாடிக் குழாயில் இரண்டு மில்லி கரைசல். அதில் விரல் நுனியில் குத்தி எடுத்த ரத்தம், ஒரு சொட்டுக்கும் குறைவு. கலக்கி ஐந்து நிமிடம் ஸ்டாண்டில் நிறுத்தி வைப்போம். அப்புறம் கறுப்புக் கோடுகள் போட்ட வெள்ளை அட்டையைக் குழாய்க்குப் பின்னால் பிடிப்போம். சாதாரண ரத்தம் என்றால் கரைசல் தெளிவாக இருக்கும், பின்னால் உள்ள கோடுகள் பளிச்சென்று தெரியும். சிலருடைய ரத்தத்தில் கோடே தெரியாது. அரிசி கழுவிய தண்ணீரில் குங்குமம் கரைத்த மாதிரி கலங்கி நிற்கும்.

அந்தக் கலங்கல்தான் சிக்கில் செல் ஹீமோகுளோபின், அதாவது ரத்தத்தில் ஆக்ஸிஜனைச் சுமக்கும் புரதத்தின் மாறிய வடிவம். தமிழில் அரிவாள் செல் சோகை என்று எழுதுகிறார்களே, அந்த நோயின் மூலம். நம் டி.என்.ஏ-வின் ஒரு முழுத் தொகுதியில் சுமார் 300 கோடி எழுத்துகள் இருக்கின்றன. இந்தக் கலங்கலுக்குக் காரணம் அதில் ஒன்று.

டி.என்.ஏ-வின் எழுத்துகள் நான்கே நான்கு: ஏ, டி, ஜி, சி. செல் இவற்றை மூன்று மூன்றாகச் சேர்த்துப் படிக்கிறது. ஏறக்குறைய ஒவ்வொரு மூன்றெழுத்தும் ஓர் அமினோ அமிலத்தைக் குறிக்கும். மூலப் பத்திரத்தைப் பெட்டியை விட்டு எடுக்காமல் நகல் எடுத்து அனுப்புவது போல, உட்கருவில் இருந்து ஆர்.என்.ஏ என்ற நகல் மட்டும் வெளியே வருகிறது. அதைப் பார்த்து ரைபோசோம் அமினோ அமிலங்களை மணி கோப்பது போல வரிசையாகக் கோக்கிறது. கோத்து முடித்த மாலைதான் புரதம்.

எழுத்து மாறுவதைத் தமிழிலேயே பார்த்துவிடலாம். "அவன் மகள் நலம்" என்று எழுதுங்கள். மூன்று சொல், ஒவ்வொன்றிலும் மூன்றெழுத்து. "ள்" என்பதை "ன்" ஆக்கினால் "அவன் மகன் நலம்". ஓர் எழுத்துத்தான் மாறியது, படிக்கவும் முடிகிறது, ஆனால் ஆளே மாறிவிட்டார். இது ஒரு வகைச் சடுதிமாற்றம். இன்னொரு வகை, நடுவில் ஓர் எழுத்து விழுந்துபோவது. "வ" விழுந்தது என்று வையுங்கள். செல்லுக்குச் சொல் இடைவெளி தெரியாது, மும்மூன்றாகத்தான் படிக்கும்: "அன்ம கள்ந லம்". அதற்கு அப்புறம் வரும் அத்தனையும் குழப்பம். இந்த இரண்டாவது வகையை நினைவில் வையுங்கள், கடைசியில் தேவைப்படும்.

ஹீமோகுளோபின் நான்கு மாலைகளால் ஆனது, இரண்டு ஆல்ஃபா, இரண்டு பீட்டா. பீட்டா மாலையில் 146 மணிகள். அதை எழுதிவைத்திருக்கும் மரபணு 11-ஆம் குரோமோசோமில் இருக்கிறது. ஆறாவது மணிக்கு உரிய எழுத்து ஜி-ஏ-ஜி, அதாவது குளுட்டாமிக் அமிலம். (சில புத்தகங்களில் ஏழாவது என்று இருக்கும். தொடக்கத்தில் வந்து பிறகு வெட்டப்படும் மெத்தியோனின் என்ற மணியையும் சேர்த்து எண்ணுவதால் வரும் வித்தியாசம் அது. குழம்ப வேண்டாம்.)

இந்த மூன்றெழுத்தை வைத்தே சடுதிமாற்றத்தை முழுதாகப் புரிந்துகொள்ளலாம் என்பது என் எண்ணம். கடைசி ஜி, ஏ ஆக மாறினால் ஜி-ஏ-ஏ. அதுவும் குளுட்டாமிக் அமிலம்தான், ஆகவே புரதத்தில் ஒரு மாற்றமும் இல்லை. முதல் ஜி, ஏ ஆக மாறினால் ஏ-ஏ-ஜி, லைசின். அதற்கு ஹீமோகுளோபின் சி என்று பெயர், மேற்கு ஆப்பிரிக்காவில் அதிகம். அப்பா, அம்மா இருவரிடமிருந்தும் வரும் இரண்டு பிரதியிலும் இருந்தால்கூட லேசான சோகையோடு போகும். நடு ஏ, டி ஆக மாறினால் ஜி-டி-ஜி, வேலின். அதுதான் சிக்கில் செல். "சடுதிமாற்றம் என்றால் நோய்" என்று மனப்பாடம் செய்திருந்தால் அதை மறந்துவிடுங்கள். எந்த எழுத்து, எந்த இடத்தில், எதுவாக மாறியது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

சரி, வேலின் வந்தால் என்ன குடிமுழுகிப்போகிறது? குளுட்டாமிக் அமிலத்துக்கு எதிர் மின்னூட்டம் உண்டு, தண்ணீரோடு ஒட்டும். வேலின் எண்ணெய் மாதிரி, தண்ணீரை விட்டு ஒதுங்கும். ஹீமோகுளோபின் ஆக்ஸிஜனை இறக்கிவிட்டதும் அதன் வடிவம் கொஞ்சம் மாறி, பக்கத்து ஹீமோகுளோபினில் ஒரு சின்னக் குழி திறக்கும். வேலின் அந்தக் குழியில் போய்ப் பொருந்திக்கொள்கிறது. அதன்மேல் இன்னொன்று, அதன்மேல் இன்னொன்று என்று நீளமான கம்பிகளாக வளர்கிறது. ஒரு சிவப்பணுவுக்குள் ஏறக்குறைய 27 கோடி ஹீமோகுளோபின்கள் இருக்கின்றன. அத்தனையும் கம்பியாகத் திரண்டால் வட்டமாக, மெத்தென்று இருக்க வேண்டிய அணு இழுபட்டு, கதிர் அறுக்கும் அரிவாள் போல வளைகிறது. பரிசோதனைக் குழாயில் நாங்கள் ஆக்ஸிஜனை வேதிப்பொருளால் நீக்குகிறோம், கலங்குகிறது. உடம்பில் அதே வேலை நுண்ணிய ரத்தக் குழாய்களில் நடக்கிறது. வளைந்த அணுக்கள் அங்கே அடைத்துக்கொள்ளும்போது எலும்புக்குள் வரும் வலியைச் சொல்லி மாளாது. எட்டு வயதுப் பையன் ஒருவன் சத்தமே போடாமல், கட்டில் கம்பியைப் பிடித்த கை வெளுத்துப்போகும்படி படுத்திருந்ததைப் பார்த்திருக்கிறேன். சாதாரண சிவப்பணு 120 நாள் இருக்கும். இவர்களுடையது பத்திலிருந்து இருபது நாளில் உடைந்துவிடும். சோகை அதனால்தான்.

இதைக் கண்டுபிடித்த வரலாறும் முக்கியம். 1910-இல் சிகாகோவில் ஜேம்ஸ் ஹெரிக் என்ற மருத்துவர், கிரெனடா தீவிலிருந்து வந்து பல் மருத்துவம் படித்துக்கொண்டிருந்த ஓர் இளைஞரின் ரத்தத்தில் அரிவாள் வடிவ அணுக்களைக் கண்டதாக எழுதினார். 1949-இல் லைனஸ் பாலிங் குழுவினர் இந்த ஹீமோகுளோபின் மின்புலத்தில் வேறு மாதிரி நகர்வதைக் காட்டி, இதை 'மூலக்கூறு நோய்' என்றே அழைத்தார்கள். டி.என்.ஏ-வின் இரட்டைச் சுருள் வடிவம் தெரிவதற்கு நான்கு வருடம் முன்பே! 1957-இல் கேம்பிரிட்ஜில் வெர்னன் இங்ராம், வித்தியாசம் ஒரே ஒரு அமினோ அமிலத்தில் என்று நிறுவினார். ஓர் எழுத்து மாறினால் ஒரு மணி மாறும் என்ற பாடம் உலகத்துக்குக் கிடைத்ததே இந்த நோயாளிகளின் ரத்தத்திலிருந்துதான். நம் ஊர்த் தொடர்பும் பழையது. 1952-லேயே லேமனும் கட்புஷும் நீலகிரிப் பழங்குடி மக்களிடம் இந்த ஹீமோகுளோபினைக் கண்டு எழுதியிருக்கிறார்கள்.

பாலிங் செய்த சோதனையின் பேரப்பிள்ளையைத்தான் நாங்களும் செய்தோம். ரத்தச் சாற்றை ஒரு பட்டையில் தொட்டு வைத்து மின்சாரம் செலுத்தினால், சாதாரண ஹீமோகுளோபின் முன்னால் ஓடும். சிக்கில் ஹீமோகுளோபினில் எதிர் மின்னூட்டம் குறைந்துவிட்டதால் பின்தங்கும். நோயாளியின் ரத்தத்தில் பின்தங்கிய கோடு மட்டும் தெரியும், சாதாரண ஹீமோகுளோபின் இராது. அப்பா, அம்மா இருவரில் ஒருவரிடமிருந்து மட்டும் இந்த எழுத்து வந்தவருக்கு இரண்டு கோடுகளும் தெரியும். இவரைத்தான் கேரியர் என்கிறோம்.

இங்கே கொஞ்சம் நிற்க வேண்டும். கேரியர் நோயாளி அல்ல. பெரும்பாலும் வாழ்நாள் முழுக்க ஒரு தொந்தரவும் இருக்காது. முதலில் சொன்ன குழாய்ச் சோதனை கேரியருக்கும் கலங்கும், நோயாளிக்கும் கலங்கும். பிரித்துச் சொல்லாது. வேறோர் ஊரில் எடுத்த குழாய்ச் சோதனையில் 'பாசிட்டிவ்' என்று வந்த ஒற்றைச் சொல்லை வைத்துக்கொண்டு ஒரு பெண்ணின் கல்யாணத்தை நிறுத்திவிட்டு வந்தார்கள். எங்களிடம் பார்த்ததில் அவள் கேரியர். நல்ல ஆரோக்கியம். அவளுடைய அம்மா ரிப்போர்ட்டைப் பிடித்துக்கொண்டு "அப்போ எதுக்குக்கா பாசிட்டிவ்னு எழுதினாங்க?" என்று கேட்டதற்கு என்னால் சரியாகப் பதில் சொல்ல முடியவில்லை. இன்றும் அது உறுத்துகிறது.

இரண்டு கேரியர்கள் மணந்தால் ஒவ்வொரு குழந்தைக்கும் நோய் வரும் வாய்ப்பு நான்கில் ஒன்று. "முதல் பிள்ளைக்கு வந்துவிட்டது, அடுத்த மூன்றுக்கு வராது" என்று கணக்குப் போடுகிறார்கள். அப்படி இல்லை, ஒவ்வொரு தடவையும் அது புதிதாகச் சீட்டுக் குலுக்குவது. ஆகவே கல்யாணத்துக்கு முன் இருவரும் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பதுதான் விஷயம். கேரியரை ஒதுக்குவது அல்ல.

இத்தனை தொல்லை தரும் எழுத்து ஏன் அழிந்துபோகவில்லை? 1954-இல் ஆண்டனி அலிசன் கிழக்கு ஆப்பிரிக்காவில் விடை கண்டார். கேரியர்களுக்குக் கடுமையான மலேரியா குறைவாகவே வருகிறது. கொசு நிறைந்த இடங்களில் கேரியர் குழந்தைகள் பிழைத்தார்கள், எழுத்தும் கூடவே பிழைத்தது. அந்த மக்களின் முன்னோரைக் காத்த எழுத்து இது. "குறை" என்ற சொல்லை இதற்குப் பயன்படுத்த எனக்கு மனம் வருவதில்லை.

இனி திருத்துவது பற்றி. மரபணுப் பொறியியலின் முதல் பெரிய மருந்து இன்சுலின். மனித மரபணுவை ஈ.கோலை பாக்டீரியாவில் வைத்து, அதையே இன்சுலின் செய்ய வைத்தார்கள். 1978-இல் செய்துகாட்டி, 1982-இல் அமெரிக்காவில் மருந்தாக அனுமதி பெற்றது. அது பாக்டீரியாவின் டி.என்.ஏ-வில் எழுதுவது. மனிதருடைய டி.என்.ஏ-வில் கைவைப்பது வேறு.

அதற்கு வழி ஒரு பழைய கவனிப்பிலிருந்து வந்தது. எங்கள் குழாய்ச் சோதனையை ஆறு மாதத்துக்குக் குறைந்த குழந்தைக்குச் செய்தால் நம்பக் கூடாது. நோய் இருந்தாலும் கலங்காமல் போகலாம். ஏனென்றால் வயிற்றில் இருக்கும்போது குழந்தை வேறொரு ஹீமோகுளோபினைப் பயன்படுத்துகிறது, கருவின் ஹீமோகுளோபின். அது வேறு மரபணுவிலிருந்து வருகிறது, கம்பியாகத் திரள்வதையும் தடுக்கிறது. பிறந்த சில மாதங்களில் உடம்பு அந்த மரபணுவை மூடிவிட்டுப் பெரியவர்களின் மரபணுவுக்கு மாறுகிறது. வலி தொடங்குவது அப்போதுதான். அப்படியானால் மூடியதைத் திறந்தால்?

மூடும் பூட்டு பிசிஎல்11ஏ என்ற மரபணு என்று 2008-இல் விஜய் சங்கரன், ஸ்டூவர்ட் ஆர்கின் குழுவினர் காட்டினார்கள். 2012-இல் ஜெனிஃபர் டௌட்னாவும் இமானுவேல் ஷார்பென்டியேயும் கிரிஸ்பர் கத்திரியை அறிமுகப்படுத்தினார்கள். பாக்டீரியா தன்னைத் தாக்கும் வைரஸை வெட்ட வைத்திருக்கும் கருவி அது. சுமார் இருபது எழுத்து நீளமுள்ள ஒரு வழிகாட்டி ஆர்.என்.ஏ-வைக் கொடுத்தால், அதற்குப் பொருந்தும் இடத்தைத் தேடிப்போய் வெட்டும். வெட்டுப்பட்ட டி.என்.ஏ-வைச் செல் அவசரமாக ஒட்டும், ஒட்டும்போது ஓரிரு எழுத்து விழும் அல்லது கூடும். "அன்ம கள்ந லம்" நினைவிருக்கிறதா? அதே மாதிரி விபத்தைத்தான் இங்கே வேண்டுமென்றே வரவழைக்கிறார்கள். சிவப்பணு உருவாகும் செல்களில் பூட்டை வேலைசெய்ய வைக்கும் சுவிட்ச் அதனால் கெட்டுப்போகிறது. பூட்டு பலமிழக்க, கருவின் ஹீமோகுளோபின் மறுபடியும் வருகிறது. சிக்கில் எழுத்து இருந்த இடத்தில் அப்படியே இருக்கிறது, அதை யாரும் தொடவில்லை.

காஸ்கெவி என்ற பெயரில் 2023 நவம்பரில் பிரிட்டனும் டிசம்பரில் அமெரிக்காவும் இதற்கு அனுமதி தந்தன. ஆய்வில் கணக்கில் எடுத்துக்கொண்ட 31 பேரில் 29 பேருக்கு ஒரு வருடமாவது கடும் வலி நெருக்கடி வரவில்லை. ஆனால் ஊசி போட்டுக்கொண்டு வீட்டுக்கு வரும் வைத்தியம் அல்ல இது. ரத்த அணுக்களை உருவாக்கும் ஸ்டெம் செல்களை நோயாளியிடமிருந்து பிரித்து எடுத்து, உடம்புக்கு வெளியே வைத்து டி.என்.ஏ-வை வெட்டி, பிறகு கீமோ மருந்தால் எலும்பு மஜ்ஜையைக் காலியாக்கி, திருப்பிச் செலுத்துகிறார்கள். வாரக்கணக்கில் மருத்துவமனை, முடி கொட்டும், பிள்ளைப்பேறும் பாதிக்கப்படலாம். 2023-இல் அமெரிக்காவில் அறிவித்த விலை 22 லட்சம் டாலர். இன்னொன்று, மாற்றம் ரத்தச் செல்களில் மட்டும்தான். முட்டைக்கோ விந்துக்கோ போகாது. குணமானவரின் பிள்ளைக்கும் அந்த எழுத்து போகவே செய்யும்.

நீலகிரியில் இருக்கும் பிள்ளைக்கு இன்று கைக்கு எட்டுவது ஹைட்ராக்ஸியூரியா மாத்திரை. அதுவும் கருவின் ஹீமோகுளோபினைக் கொஞ்சம் கூட்டுகிறது. மருத்துவர் பார்வையில், அவ்வப்போது ரத்தம் பரிசோதித்துக்கொண்டு சாப்பிட்டால் வலி வருவது நன்றாகக் குறைகிறது. 2023 ஜூலையில் நாடு முழுக்கப் பழங்குடிப் பகுதிகளில் ஏழு கோடிப் பேரைப் பரிசோதிக்கும் திட்டம் தொடங்கியது. பரிசோதித்துவிட்டு மாத்திரை விடாமல் கிடைக்கவும் செய்தால்தான் அதற்கு அர்த்தம்.

அந்த எழுத்தையே திருத்த முடியுமா என்று கேட்டீர்கள். டி.என்.ஏ-வின் இரண்டு இழைகளையும் சேர்த்து வெட்டாமலே ஓர் எழுத்தை மாற்றும் பேஸ் எடிட்டர் என்ற கருவி இப்போது இருக்கிறது. அதற்கும் டி-யை நேராகப் பழைய ஏ ஆக்கத் தெரியாது. சி ஆக்க முடியும். ஜி-டி-ஜி அப்போது ஜி-சி-ஜி ஆகும், அதாவது அலனின். இந்தோனேசியாவின் மகாசர் ஊரின் பெயரில் அறியப்படும் இந்த ஹீமோகுளோபின் இயற்கையிலேயே சிலருக்கு இருக்கிறது. அவர்களுக்கு அதனால் நோய் இல்லை. 2021-இல் டேவிட் லியு குழுவினர் நோயாளிகளின் ஸ்டெம் செல்களில் இந்த மாற்றத்தைச் செய்து, எலிகளில் வைத்துப் பார்த்தார்கள். அணுக்கள் வளைவது குறைந்தது.