வீட்டிலேயே ஜெபித்தால் போதாதா? வாராவாரம் சபைக்குப் போகத்தான் வேண்டுமா?

வேதம் வாசிக்கிறேன், ஜெபிக்கிறேன், நல்ல பிரசங்கம் நேரலையில் கிடைக்கிறது. பிறகு எதற்குச் சபை? பிரசங்கம் கேட்க மட்டும்தான் போகிறோம் என்றால் இந்தக் கேள்வி நியாயமானதே. ஆனால் எல்லோரும் எடுத்துக்காட்டும் எபிரெயர் 10:25-ஐ அதற்கு முந்தைய வசனத்தோடு சேர்த்து வாசியுங்கள். "ஒருவரையொருவர் கவனித்து" என்கிறது 24-ஆம் வசனம். சபை கூடிவருதலை விட்டுவிடாதிருப்பது அதன் தொடர்ச்சி. பிரசங்கியார் யார், எப்படிப் பேசுகிறார் என்ற பேச்சே அங்கே இல்லை. ஒருவர் பாரத்தை ஒருவர் சுமப்பது (கலாத்தியர் 6:2), குற்றங்களை ஒருவருக்கொருவர் அறிக்கையிடுவது (யாக்கோபு 5:16), திருவிருந்தில் ஒருவருக்காக ஒருவர் காத்திருப்பது (1 கொரிந்தியர் 11:33): இவற்றில் எதைக் கைப்பேசித் திரையின் முன் தனியாக உட்கார்ந்து செய்யமுடியும்?

ஞாயிறு விடுமுறை, அதனால் கூடுகிறார்கள் என்று பலர் நினைக்கிறார்கள். கூடும் வழக்கம்தான் முந்தியது. ரோமப் பேரரசன் கான்ஸ்டன்டைன் ஞாயிறை ஓய்வுநாளாக அறிவித்தது கி.பி. 321-இல். அதுவரை ஏறத்தாழ 3 நூற்றாண்டுகள் விசுவாசிகளுக்கு அது வேலைநாள். அவர்கள் குறித்த ஒரு நாளில் விடியுமுன் கூடி, கிறிஸ்துவைத் தெய்வமாகப் பாடுகிறார்கள் என்று ரோம ஆளுநர் பிளினி 112 வாக்கில் பேரரசனுக்கு எழுதினார். துரோவா பட்டணத்தில் வாரத்தின் முதல்நாள் கூட்டம் நள்ளிரவுவரை நீண்டு, ஜன்னலில் உட்கார்ந்திருந்த ஐத்திகு தூங்கி விழுந்ததை அப்போஸ்தலர் 20 சொல்கிறது. நேரம் கிடைத்ததால் வந்தவர்கள் அல்லர் இவர்கள்.

155 வாக்கில் ஜஸ்டின் என்ற கிறிஸ்தவப் போதகர் ஞாயிறு கூடுகையைப் பற்றி எழுதிய விவரம் இன்னும் நெருக்கமானது. வாசிப்பு, போதனை, எழுந்து நின்று ஜெபம், அப்பமும் இரசமும், பிறகு அநாதைகளுக்கும் விதவைகளுக்கும் நோயாளிகளுக்கும் காணிக்கை. வராதவர்களுக்கு உதவிக்காரர்கள் அப்பத்தை வீட்டுக்கே எடுத்துப்போவார்களாம். யார் வரவில்லை என்று தெரிந்தால்தானே எடுத்துப்போக முடியும்? அர்ப்பணிப்போடு கூடுவது என்று நான் சொல்வது இதைத்தான். நீங்கள் இல்லாவிட்டால் ஒருவருக்காவது அது தெரியவேண்டும்.

நடைமுறையில் பெரும்பாலும் சறுக்குவது சனிக்கிழமை இரவில். "காலையில் பார்த்துக்கொள்ளலாம்" என்று படுத்தால் பாதி முடிவு ஆகிவிட்டது. உடை, வேதாகமம், பிள்ளைகளின் பொருட்கள், காணிக்கை எல்லாவற்றையும் இரவே எடுத்துவையுங்கள். இரண்டாவது சறுக்கல், கடைசிப் பாட்டில் நுழைந்து ஆசீர்வாதம் முடியுமுன் வெளியேறுவது. 10 நிமிடம் முன்னதாகப் போய், முடிந்தபின் 20 நிமிடம் இருங்கள். ஐக்கியம் அநேகமாக அந்த 30 நிமிடத்தில்தான் நடக்கிறது. ஒரே பகுதியில் உட்காருங்கள், பக்கத்தில் இருப்பவர் பழகிவிடுவார். வாரம் ஒருவரிடம் "உங்களுக்காக எதைக் குறித்து ஜெபிக்கட்டும்?" என்று கேட்டு, அடுத்த வாரம் மறக்காமல் அதை விசாரியுங்கள். ஒரு வாரம் இங்கே, ஒரு வாரம் அங்கே என்று நல்ல பாடல், நல்ல பேச்சு தேடிச் சுற்றுபவரை எந்தச் சபையும் அறிந்துகொள்ள வழியில்லை. ஒரே சபையில் தொடர்ந்து ஒரு வருடமாவது நில்லுங்கள்.

ஞாயிறு வேலைமுறை உள்ளவர்கள் மாலை ஆராதனைக்கோ வாரநாள் வீட்டுக்கூட்டத்துக்கோ போகலாம். படுக்கையில் இருப்பவருக்கு நேரலை பெரிய உதவி. ஆனாலும் யாராவது நேரில் வரவேண்டும். மேய்ப்பரிடம் தயங்காமல் கேளுங்கள். ஒரு சபையில் உங்களுக்குக் கொடுமை நடந்திருந்தால் அங்கேயே திரும்பிப் போகவேண்டும் என்று எபிரெயர் 10:25-ஐக் காட்டி யாரும் வற்புறுத்தக்கூடாது. பாதுகாப்பான வேறொரு சபையைத் தேடுவதும் கீழ்ப்படிதலே.

நெடுநாள் விட்டுவிட்டவர்களைத் தடுப்பது பெரும்பாலும் அவிசுவாசம் இல்லை, வெட்கம். மூன்று வாரம் தவறினால் நான்காவது வாரம் "எங்கே, ஆளையே காணோம்?" என்ற கேள்விக்குப் பயந்தே நின்றுவிடுகிறார்கள். விளக்கம் எதுவும் வேண்டாம், "வந்துவிட்டேன்" என்றால் போதும். வாசலில் நிற்கும் பழைய விசுவாசிகளே, நீங்களும் அந்தக் கேள்வியை விட்டுவிட்டு, பக்கத்தில் ஓர் இடம் காட்டுங்கள்.